ஒழுங்குக்கு ஒரு வடிவமைப்பாளர் வேண்டுமா? மேலெழுச்சி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலெழுச்சி என்றால் என்ன?

பல உறுப்புகள் ஒன்றோடொன்று ஊடாடும்போது, அவற்றுள் எந்தத் தனி உறுப்பிடமும் இல்லாத ஒரு பண்போ ஒழுங்கோ மொத்தத்தில் தோன்றுவதை ஆங்கிலத்தில் 'எமர்ஜென்ஸ்' என்கிறார்கள். தமிழில் இதற்கு ஒரே சொல் இன்னும் நிலைபெறவில்லை. இங்கே மேலெழுச்சி என்று வைத்துக்கொள்வோம். ஒரு தனி நீர் மூலக்கூறுக்கு ஈரம் கிடையாது. அது உறைவதும் இல்லை, கொதிப்பதும் இல்லை. கோடானுகோடி மூலக்கூறுகள் சேர்ந்த இடத்தில்தான் இந்தச் சொற்களுக்கே பொருள் வருகிறது.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு வேறொன்று. ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டப் பாதையில் 22 கார்களை இறக்கி, எல்லாரும் ஏறத்தாழ ஒரே வேகத்தில், முன்னால் செல்லும் காரிலிருந்து பாதுகாப்பான தொலைவில் ஓட்டுமாறு கேட்டுக்கொண்டார்கள். அந்தச் சோதனையின் முடிவு 2008-இல் வெளியானது. சிறிது நேரம் ஓட்டம் சீராக இருந்தது. பிறகு சிக்னலோ விபத்தோ குறுகலான வளைவோ எதுவும் இல்லாமலேயே ஒரு நெரிசல் உண்டாயிற்று. கார்கள் முன்னோக்கிச் செல்ல, நெரிசல் பின்னோக்கி நகர்ந்தது. முன்வரிசையில் ஒரு கார் விடுபட்டு ஓட, பின்னால் இன்னொரு கார் வந்து மாட்டிக்கொண்டதால், எந்தக் காரும் நிலையான உறுப்பாக இல்லாமலேயே நெரிசல் மட்டும் நிலைத்து நின்றது. ஓட்டுநர் 22 பேருக்கும் தத்தம் நோக்கம் இருந்தது. நெரிசலோ அவர்களில் எவருடைய நோக்கத்திலும் இல்லை.

இது புதிய கருத்தா?

சொல் பழையது. கூட்டுப் பொருளின் பண்புகளை உறுப்புகளின் பண்புகளைக் கூட்டிப் பெற முடியாத நிலைகள் உண்டு என்பதை ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-இலேயே எழுதினார். 'எமர்ஜென்ட்' என்ற சொல்லை இப்பொருளில் ஜார்ஜ் ஹென்றி லூயிஸ் 1875-இல் கையாண்டார். இயற்பியலாளர்களிடையே இதற்கு மதிப்பு ஏற்பட்டது பெரும்பாலும் பிலிப் ஆண்டர்சன் 1972-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரைக்குப் பிறகுதான். எல்லாவற்றையும் அடிப்படை விதிகளாகப் பிரித்துக் காட்ட முடிவதாலேயே, அவ்விதிகளிலிருந்து தொடங்கி உலகத்தைத் திரும்பக் கட்டிவிட முடியும் என்று ஆகாது என்பது அவருடைய வாதம்.

இதற்கு இயற்பியலுக்குள்ளேயே ஒரு தக்க சான்று இருக்கிறது. மிகக் குளிர்ந்த பாதரசத்தில் மின்தடை அறவே மறைந்துபோவது 1911-இல் கண்டறியப்பட்டது. எலக்ட்ரான்களின் நடத்தையை ஆளும் குவாண்டம் சமன்பாடு 1926-இல் கிடைத்துவிட்டது. ஆனாலும் எலக்ட்ரான்கள் இணைகளாகச் சேர்ந்து ஒட்டுமொத்தமாக இயங்குவதே அதற்குக் காரணம் என்ற விளக்கம் 1957-இல்தான் வந்தது. சமன்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டே, அக்காலத்தின் தலைசிறந்த மூளைகள் 31 ஆண்டுகள் அதற்குள் இருந்த ஒன்றைக் காணாமல் தேடிக்கொண்டிருந்தன.

ஒழுங்கு என்றாலே ஒழுங்குபடுத்தியவர் ஒருவர் இருக்கத்தானே வேண்டும்?

மிகப் பழைய, மதிக்கத்தக்க வாதம் இது. குடம் என்றால் மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம் என்று சைவ சித்தாந்தம் வகுத்து, உலகத்துக்கும் அத்தகைய நிமித்த காரணம் ஒன்று உண்டு என்று முடிவு செய்கிறது. இந்தியத் தருக்க மரபான நியாயத்தில் 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உதயனர் இவ்வழியில் விரிவாக வாதிட்டார். ஐரோப்பாவில் வில்லியம் பேலி 1802-இல், வெட்டவெளியில் கிடக்கும் கடியாரம் ஒன்றைக் கண்டால் அதைச் செய்தவர் ஒருவர் இருக்கிறார் என்று கொள்வதைப்போலவே உயிரினங்களைக் கண்டும் கொள்ளவேண்டும் என்றார்.

குடத்தைப் பற்றி இவ்வாதம் சொல்வதில் பிழையில்லை. குடம் சக்கரத்தில் எழுவதற்கு முன்பே அதன் வடிவம் குயவரின் மனத்தில் இருக்கிறது. கேள்வி என்னவென்றால், எல்லா ஒழுங்கும் இப்படி முன்கூட்டியே எங்கோ ஓரிடத்தில் இருந்தாக வேண்டுமா என்பதுதான்.

பனித்துகளை எடுத்துக்கொள்வோம். அது ஏன் எப்போதும் ஆறு மூலையுடன் விழுகிறது என்று கெப்ளர் 1611-இல் ஒரு சிறு நூலே எழுதினார். அணுக்களைப் பற்றிய அறிவு இல்லாத காலத்தில், சிறு உருண்டைகளை நெருக்கி அடுக்குவதோடு இதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று அவர் ஊகித்தது வியப்புக்குரியது. இன்று விடை தெரியும்: நீர் மூலக்கூறுகள் பனிக்கட்டியாகப் பிணையும்போது அறுகோண வலைப்பின்னலில்தான் அமர்கின்றன. அந்த அறுகோணத்தின் மூலைகள் ஈரக்காற்றுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால் அங்கே நீராவி விரைவில் படிந்து கிளை விடுகிறது. துகள் விழும் வழியில் வெப்பநிலையும் ஈரப்பதமும் மாற மாறக் கிளையின் வடிவமும் மாறுகிறது. ஒரு துகளின் ஆறு கைகளும் ஒன்றுபோல இருப்பதற்குக் காரணம், அவை தமக்குள் செய்தி பரிமாறிக்கொண்டதன்று. ஆறும் ஒரே காற்றின் வழியாக ஒன்றாக விழுந்தன, அவ்வளவுதான். துகள் விழுந்து முடியும்வரை அந்த முழு வடிவம் எங்கேயும், எவரிடத்திலும் இருக்கவில்லை. மேலெழுச்சி என்ற கருத்து உறுதியாக மறுப்பது இதை ஒன்றைத்தான்: ஒழுங்கு தோன்றுவதற்கு முன்பே அதன் வரைபடம் இருந்தாக வேண்டும் என்ற துணிபை.

வடிவமைப்பு இல்லையென்றால் எல்லாம் தற்செயல் என்றுதானே பொருள்?

இல்லை. இந்த விவாதத்தில் மிகுதியான குழப்பத்தை உண்டாக்குவது இந்த இரட்டைத் தெரிவுதான் என்பது என் கருத்து. ஆறு மூலை தற்செயலாக வருவதன்று. அது தவறாமல் வருகிறது. தற்செயல், திட்டம் ஆகிய இரண்டுக்கும் அப்பால், விதிக்குட்பட்ட ஊடாட்டம் என்று மூன்றாவது ஒன்று இருக்கிறது.

உயிரினங்களில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது: திரளும் தேர்வு, அதாவது பயனுள்ள சிறு மாற்றங்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துகொண்டே போவது. மரபுப் பிறழ்ச்சி நிகழ்வது தற்செயல். அவற்றுள் எது நிலைக்கும் என்பது தற்செயல் அன்று. கண்ணைப் போன்ற ஓர் உறுப்பு ஒரே தாவலில் உருவாவது நடவாத செயல் என்று சொல்பவர்கள் சரியாகவே சொல்கிறார்கள், ஆனால் எவரும் ஒரே தாவலைக் கோரவில்லை. நில்சன், பெல்கர் ஆகிய இரு ஆய்வாளர்களும் 1994-இல், ஒளியுணரும் தட்டையான தோல்பரப்பு ஒவ்வொரு படியிலும் 1 விழுக்காடு மட்டுமே மாறி, ஒவ்வொரு மாற்றமும் பார்வையைச் சிறிதேனும் கூர்மையாக்கி, வில்லையுள்ள கண்ணாக மாற எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்கிட்டார்கள். வேண்டுமென்றே மெதுவான மதிப்புகளை எடுத்துக்கொண்டும், 4 லட்சத்துக்கும் குறைவான தலைமுறைகளே போதுமாயிருந்தன. இது ஒரு மாதிரிக் கணக்குதான். எந்த உயிரினத்தின் வரலாறும் அன்று. எனினும் 'காலம் போதாது' என்ற மறுப்புக்கு இது நேரடியான விடை.

வந்த வழியின் தழும்புகளும் கண்ணில் இருக்கின்றன. நம் விழித்திரையில் நரம்பிழைகள் ஒளியுணரும் செல்களுக்கு முன்புறமாக ஓடி, ஓரிடத்தில் திரையைத் துளைத்து வெளியேறுவதால் அங்கே குருட்டுப்புள்ளி ஏற்படுகிறது. ஆக்டோபசின் கண்ணில் நரம்புகள் பின்புறமாகச் செல்வதால் அதற்கு அந்தக் குறை இல்லை.

ஒழுங்கின்மை பெருகிக்கொண்டே போகும் என்பது இயற்பியல் விதி அல்லவா?

ஆம், ஆனால் மொத்தத்தில். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி, வெளியுலகோடு தொடர்பற்ற ஓர் அமைப்பின் மொத்த என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு எனலாம்) குறையாது என்கிறதே தவிர, அதன் ஒரு பகுதியில் ஒழுங்கு பிறக்கக்கூடாது என்று சொல்லவில்லை. ஒரு கிராம் நீர் உறையும்போது மூலக்கூறுகள் வரிசையில் அமர்கின்றன. அதற்கு விலையாக ஏறத்தாழ 334 ஜூல் வெப்பம் சுற்றுப்புறத்துக்குச் செல்கிறது. பூமி முழுவதற்கும் இதே கணக்குதான்: சூரியனிடமிருந்து வரும் ஒவ்வொரு ஒளித்துகளுக்கும் ஈடாக ஏறத்தாழ 20 அகச்சிவப்புத் துகள்களை அது விண்வெளிக்குத் திருப்பி அனுப்புகிறது. பெற்ற ஆற்றலும் விட்ட ஆற்றலும் ஏறத்தாழச் சமம். ஆனால் செறிந்து வந்தது சிதறிப் போகிறது. இந்த வேறுபாட்டின் இடைவெளியில்தான் காற்றும் கடலோட்டமும் காடும் நாமும் இயங்குகிறோம்.

இவ்விதியைத் தவறாகப் படிப்பது அறிவியலாளர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. 1950களில் பெலோசோவ் என்ற சோவியத் வேதியியலாளர், ஒரு கரைசலின் நிறம் மாறி, திரும்பி, மீண்டும் மாறி ஊசலாடுவதைக் கண்டார். கடிகாரத்தைப் போலத் தானே துடிக்கும் வேதிவினை நடக்கவே முடியாது என்று கூறி இதழ்கள் அவருடைய கட்டுரையைத் திருப்பி அனுப்பின. 1960களில் ஷபோட்டின்ஸ்கி அதை மீண்டும் ஆராய்ந்து நிறுவினார். இன்று அவ்வினை இருவர் பெயராலும் வழங்குகிறது. சமநிலையிலிருந்து விலகி நிற்கும் அமைப்புகள் ஆற்றலைச் செலவிட்டே ஒழுங்கைப் பேணுவதை ஆராய்ந்த இலியா பிரிகோஜினுக்கு 1977-இல் வேதியியல் நோபெல் பரிசு கிடைத்தது.

கட்டளையிடுபவர் இல்லாமல் கூட்டுச் செயல் எப்படி நடக்கிறது?

எறும்புகளை வைத்துச் செய்யப்பட்ட இரட்டைப்பாலச் சோதனை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. புற்றுக்கும் உணவுக்கும் இடையே ஒன்று நீளமாகவும் மற்றொன்று குட்டையாகவும் இரண்டு பாலங்கள். எந்த எறும்பும் இரண்டையும் அளந்து ஒப்பிடுவதில்லை. ஒவ்வொன்றும் போகும் வழியில் ஒரு மணப்பொருளை விட்டுச் செல்கிறது, மணம் மிகுந்த வழியை நாடுகிறது. குட்டைப் பாலத்தில் போனவை விரைவில் திரும்புவதால் அங்கே மணம் முந்திச் சேர்கிறது. அது மேலும் எறும்புகளை இழுக்கிறது. சிறிது நேரத்தில் பெரும்பாலானவை குட்டைப் பாலத்தில் செல்கின்றன. வழியைத் 'தேர்ந்தெடுத்தது' கூட்டம். ஒப்பீட்டைச் செய்தது எறும்பு அன்று, தரையில் படிந்த மணம்.

மனிதரிடையே இதற்கு இணையாக நான் காண்பது நிகராகுவாவின் சைகை மொழி. 1970களின் இறுதியில் அங்கே காதுகேளாத பிள்ளைகளுக்கான பள்ளிகள் தொடங்கப்பட்டபோது, ஆசிரியர்கள் உதட்டசைவைப் படிக்கவும் ஸ்பானிய மொழியைப் பயிலவுமே கற்றுத்தந்தார்கள். பிள்ளைகளோ வீட்டில் பழகிய தனித்தனிச் சைகைகளைத் தமக்குள் பரிமாறி ஒரு பொதுச் சைகை முறையை உண்டாக்கினார்கள். அடுத்துவந்த சின்னஞ்சிறு பிள்ளைகள் அதையே கற்று, கற்கும்போதே இலக்கணம் செறிந்த முழு மொழியாக்கிவிட்டார்கள். இலக்கணம் வகுக்க எவரும் உட்காரவில்லை.

சரி, உறுப்புகளின் விதிகளை வகுத்தவர் யார்?

எல்லாக் கேள்விகளிலும் கூர்மையானது இதுவே; மேலெழுச்சியைப் பற்றி எழுதுபவர்கள் பலர் இதை எளிதாகக் கடந்துவிடுகிறார்கள். கணிதவியலாளர் ஜான் கான்வே உருவாக்கி 1970-இல் பரவலாக அறியப்பட்ட 'உயிர் விளையாட்டு' இக்கேள்வியைச் சோதிக்க ஏற்றது. சதுரங்கப் பலகைபோல் எல்லையின்றி விரியும் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் உயிருள்ளது அல்லது உயிரற்றது. சூழ்ந்திருக்கும் 8 கட்டங்களில் உயிருள்ளவை 2 அல்லது 3 என்றால் உயிருள்ள கட்டம் அடுத்த சுற்றுக்குத் தப்பும். சரியாக 3 என்றால் உயிரற்ற கட்டம் உயிர்பெறும். மற்றெல்லா நிலையிலும் உயிரில்லை. விதி இவ்வளவே. இதிலிருந்து ஐந்து கட்டங்களாலான ஓர் உரு, நான்கு சுற்றுக்கு ஒரு கட்டம் வீதம் மூலைவாட்டில் தவழ்ந்து செல்கிறது. 'தவழ்தல்' என்ற பேச்சே விதியில் இல்லை. கட்டங்கள் எவையும் நகர்வதுமில்லை.

"விதியைக் கான்வேதானே வகுத்தார்?" என்று கேட்கலாம். வகுத்தார், பல விதிகளை முயன்று பார்த்துக் கவனமாகவே தேர்ந்தார். ஆனால் அடுத்து நடந்ததைக் கவனிக்கவேண்டும். எந்த உருவும் எல்லையின்றி வளர முடியாது என்பது கான்வேயின் ஊகம். அதை நிறுவுபவருக்கோ மறுப்பவருக்கோ 50 டாலர் தருவதாக அறிவித்தார். அவ்வாண்டு முடிவதற்குள் பில் காஸ்பரும் அவருடைய தோழர்களும், தவழும் உருக்களை இடைவிடாமல் ஈன்றுகொண்டே இருக்கும் ஓர் உருவைக் காட்டிப் பரிசைப் பெற்றார்கள். விதியை இயற்றியவருக்கே அவ்விதியிலிருந்து என்ன விளையும் என்று தெரியவில்லை. அவர் ஊகித்தது தவறாகவும் போயிற்று. ஆகவே விதி தருபவரும் வடிவம் தருபவரும் ஒருவரே என்று கொள்ளமுடியாது.

இவ்வாறு சொன்னபிறகும் கேள்வி மறைந்துவிடுவதில்லை, ஒரு தளம் கீழே இறங்குகிறது. பனித்துகளுக்கு வரைபடம் தேவையில்லை, மூலக்கூறுகளின் பிணைப்பு போதும். பிணைப்புக்குக் குவாண்டம் விதிகள் போதும். அவ்விதிகள் ஏன் இருக்கின்றன, ஏன் இப்படி இருக்கின்றன என்ற இடத்தில் மேலெழுச்சிக்குச் சொல்ல எதுவும் இல்லை. அது ஏற்கெனவே இருக்கும் விதிகளிலிருந்து தொடங்கும் விளக்கம்.

அப்படியானால் இது கடவுள் மறுப்பா, ஆதரவா?

இரண்டும் இல்லை. இந்த ஒழுங்கு எவ்வாறு வந்தது என்ற கேள்விக்கு அது விடை. ஒழுங்கு என்பதே ஏன் உண்டு என்பதற்கு அன்று. விதிகளின் வழியே படைக்கும் இறைவனை ஏற்பவர் இதில் எதையும் மறுக்கவேண்டியதில்லை. மறுபுறம், 1779-இல் வெளியான நூலில் டேவிட் ஹியூம் எழுப்பிய வினாவும் அப்படியே நிற்கிறது: ஒழுங்குள்ள உலகத்துக்கு ஒழுங்குபடுத்திய மனம் வேண்டுமென்றால், ஒழுங்குள்ள அந்த மனத்துக்கு என்ன வேண்டும்? அது தானாகவே ஒழுங்குடன் இருக்கலாம் என்றால், உலகம் ஏன் இருக்கக்கூடாது? வேதத்தை முழுதும் ஏற்ற மீமாம்சகரான குமாரிலரே உலகைப் படைத்தவர் உண்டு என்பதை ஏற்கவில்லை என்பதை நினைத்தால், இந்தப் பிளவு ஆத்திகத்துக்கும் நாத்திகத்துக்கும் இடையே மட்டும் ஓடுவதன்று என்பது விளங்கும்.

மேலெழும் ஒழுங்கு எப்போதும் நல்லதா?

நெரிசலும் மேலெழுச்சிதான் என்பதை மறக்கவேண்டாம். பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1971-இல், அண்டை வீட்டாரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தன் வகையினராக இருந்தால் போதும் என்று எண்ணும் பொறுமையான மக்களைக் கொண்ட மாதிரியிலும், ஒவ்வொருவராக இடம்மாறியபின் வெகுவாகப் பிரிந்த குடியிருப்புகள் உண்டாகக்கூடும் என்று காட்டினார். அப்பிரிவினையைப் பார்த்து அங்கே கடும் வெறுப்பு இருப்பதாக முடிவு கட்டுவதும் ஒருவகையில் 'வடிவமைப்பாளரைத் தேடுவது'தான். மாற்ற விரும்புபவர்கள் உறுப்புகளின் நடத்தையைத்தான் தொடவேண்டும்: வட்டப் பாதை நெரிசலை மீண்டும் ஆராய்ந்து 2018-இல் வெளியான ஒரு சோதனையில், இருபதுக்கும் மேற்பட்ட கார்களுக்கிடையே ஒரே ஒரு தானியங்கிக் கார் நிதானமாக ஓடியதே பின்னோக்கி நகரும் அந்த நெரிசல் அலையைத் தணித்துவிட்டது.

'மேலெழுச்சி' என்று சொல்லிவிட்டால் விளக்கிவிட்டதாகுமா?

ஆகாது. படிநிலைகளைக் காட்டாமல் 'அது மேலெழுந்தது' என்பது, 'அது அற்புதம்' என்பதற்கு அறிவியல் உடை உடுத்துவதே. எறும்புச் சோதனையில் மணம் எப்படிச் சேர்கிறது என்று சொல்ல முடிகிறது. அதனால் அது விளக்கம். செயற்கை நுண்ணறிவின் பெரிய மொழி மாதிரிகளில் திடீரென்று புதிய திறன்கள் மேலெழுகின்றன என்று 2022-இல் பேசப்பட்டது. மதிப்பெண் இடும் முறை சரி-தவறு என்று இரண்டே கூறாக இருப்பதால்தான் படிப்படியான வளர்ச்சி திடீர்த் தாவலாகத் தெரிகிறது என்று 2023-இல் வேறு ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

நம் மனமும் இப்படி மேலெழுந்ததுதானா?

இக்கேள்வியை மணிமேகலையிலேயே காணலாம். சமயக்கணக்கர் தம் கொள்கைகளைக் கூறும் காதையில், நிலம், நீர் முதலிய பூதங்களே எல்லாம் என்று கொள்ளும் பூதவாதி, தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் கூடியவிடத்து மதுவின் களிப்புப் பிறப்பதுபோலப் பூதங்களின் கூட்டத்தில் உணர்வு தோன்றும் என்கிறார். உறுப்பில் இல்லாதது கூட்டத்தில் தோன்றும் என்ற கருத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஆனால் உவமை அவர் எண்ணியதைவிடக் கடினமானது. சர்க்கரை எப்படி ஈஸ்டால் ஆல்கஹாலாகிறது, ஆல்கஹால் நரம்புச் செல்களின் எந்த ஏற்பிகளைப் பாதிக்கிறது என்பதை இன்று படிப்படியாகச் சொல்லலாம். உணர்வுக்கு அப்படிப்பட்ட படிகள் இன்னும் கிடைக்கவில்லை. மேலும், களிப்பு மதுவுக்குள் இல்லை; குடித்தவரிடம் இருக்கிறது. போதை ஏற ஏற்கெனவே உணர்வுள்ள ஒருவர் வேண்டும். உணர்வின் தோற்றத்தை விளக்க வந்த உவமை உணர்வை முன்கூட்டியே கடன் வாங்கிக்கொள்கிறது. மனம் மூளைச் செல்களின் ஊடாட்டத்தில் மேலெழுவது என்று நானும் கருதுகிறேன். ஆனால் பனித்துகளைப் பற்றிச் சொல்லும் அதே உறுதியோடு அதைச் சொல்லமாட்டேன்.

கண்ணால் கண்டதைத் தவிர, உண்மையை அறிய வேறு அளவை வேண்டா என்ற அந்தப் பூதவாதியிடம் மணிமேகலை, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறு எவ்வாறு அறிவாய் என்று கேட்கிறாள். எதிரில் இருப்பவருக்குள் ஓர் உணர்வு இருக்கிறது என்பதையும் நாம் அந்த வழியாகத்தான் அறிகிறோம்.